நடிகவேளும் சுங்கை பூலோவும்

எங்கள் கிள்ளான் வீட்டில் பழைய ஒலிநாடா ஒன்று இருந்தது. யாரோ பதிவு செய்ததை யாரோ படியெடுத்து, அதிலிருந்து இன்னொருவர் படியெடுத்து, கடைசியில் அப்பாவின் கைக்கு வந்தது. அட்டையில் நீல மையில் ‘ராதா பேச்சு’ என்று மட்டும் எழுதியிருக்கும். பாதி நேரம் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து முதலில் கூட்டத்தின் சிரிப்புத்தான் கேட்கும். அவர் என்ன சொன்னார் என்பது அப்புறம்தான் பிடிபடும். சில இடங்களில் கடைசிவரை பிடிபடவே இல்லை. அந்த இடங்களிலும் அப்பா சரியாகச் சிரிப்பார்.

எம்.ஆர்.ராதா சிறையிலிருந்து விடுதலையாகி, எழுபதுகளில் மலேசியா வந்திருந்தபோது பேசிய பேச்சு அது. நாடக விழா மலருக்கு ஒரு நடிகரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டதும் எனக்கு நினைவில் வந்தது அந்த நாடாதான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஒருவரை நாங்கள் முகமில்லாமல், வெறும் குரலாக வீட்டில் வைத்திருந்தோம். அவரைப் பொறுத்தவரை அதில் தவறும் இல்லை. முகத்தைவிடக் குரலால் வாழ்ந்த நடிகர் அவர்.

மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன் என்பது முழுப்பெயர். 1907-இல் சென்னையில் பிறந்தார். தந்தை ராஜகோபால் நாயுடு பட்டாளத்துக்காரர். முதல் உலகப்போரில் மாண்டார். சாப்பாட்டில் ஒரு மீன் துண்டு கிடைக்காத கோபத்தில் சிறுவன் வீட்டை விட்டுக் கிளம்பினான் என்று சொல்வார்கள். ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடுவின் நாடகக் குழுவில் சேர்ந்தான். பிறகு ஜெகந்நாத ஐயர் கம்பெனி, அதன்பின் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி. பாலர் நாடகக் கம்பெனிகள் அன்றைக்கு ஒருவகைக் குருகுலம், ஒருவகைக் கொத்தடிமைக் கூடம். பாட்டு, வசனம், குஸ்தி, வேடம் போடுதல், திரை இழுத்தல், அடி வாங்குதல் எல்லாம் ஒரே கூரையின்கீழ் நடக்கும். சிவாஜி கணேசன் சிறுவனாக வந்து சேர்ந்ததும் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில்தான். அங்கே அவர் பார்த்து வளர்ந்த அண்ணன்மார்களில் ராதா ஒருவர்.

ராதா பிறந்த அதே 1907-ஆம் ஆண்டு ஜனவரியில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஆபி அரங்கத்தில் ஜான் சிங் எழுதிய நாடகம் ஒன்றைப் பார்த்து மக்கள் கொதித்தெழுந்து கலகம் செய்தார்கள். எங்கள் நாட்டுப்புறத்து மக்களைக் கேவலப்படுத்துகிறான் என்பது குற்றச்சாட்டு. காவலர்கள் உள்ளே நிற்க, நாடகம் தொடர்ந்து நடந்தது. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடக்கும் இந்த மல்லுக்கட்டு ஐரோப்பாவின் தனிச்சொத்து என்று நம்மில் சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பாதி நூற்றாண்டு கழித்துத் தமிழ்நாட்டில் அதே காட்சியை அன்றாடம் நடத்திக் காட்டியவர் ராதா. வேறுபாடு ஒன்றுதான். டப்ளினில் அரங்கத்தின் இயக்குநர்கள் நடிகர்களுக்காக வாதாடினார்கள். இங்கே நடிகரே நாடகத்தின் நடுவில் நின்று கூட்டத்தோடு வாதாடினார்.

அவருடைய தொழில்நுட்பத்தைப் பற்றி நம்மவர் அதிகம் எழுதவில்லை. அவருடைய பகுத்தறிவுக் கொள்கையைப் பற்றி எழுதினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். ‘இழந்த காதல்’ என்ற நாடகத்தில் சவுக்கடிக் காட்சி ஒன்று பேர்பெற்றது. அந்தக் காட்சியில் ராதா கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடியே நீண்ட வசனத்தைப் பேசி முடிப்பார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். மேடையில் முதுகைக் காட்டாதே என்பதுதான் அந்தக் கால நாடக வாத்தியார் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். ஒலிபெருக்கி பரவாத காலத்தில், கடைசி வரிசையில் அரையணா கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழவேண்டும் என்பதற்காக வந்த பாடம் அது. அதை மீறுகிறவனுக்குத் தோள்பட்டையும் பிடரியும் பேசத் தெரிந்திருக்க வேண்டும், குரல் சுவரில் மோதித் திரும்பிவரும் நேரத்தையும் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். ராதாவுக்கு மோட்டார் மெக்கானிக் வேலையும் மின்சார வேலையும் தெரியும். எதையும் கழற்றிப் பார்த்து மாட்டுகிற அந்தப் புத்தி நடிப்பிலும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

குரலைத்தான் அதிகம் கழற்றி மாட்டினார். ஒரே வாக்கியத்துக்குள் அடித்தொண்டைக் கரகரப்பில் தொடங்குவார். நடுவில் கீச்சென்று கிழவியின் குரலுக்கு ஏறுவார். முடிவில் பக்கத்தில் இருப்பவனிடம் ரகசியம் சொல்வதுபோல் தாழ்த்திவிடுவார். மூன்று பேர் பேசியது போல இருக்கும். முதலாமவன் சொல்கிறான், இரண்டாமவன் கேலி செய்கிறான், மூன்றாமவன் ‘இதெல்லாம் நமக்கெதுக்கு’ என்று ஒதுங்குகிறான். பி.ஆர்.பந்துலுவின் ‘பலே பாண்டியா’ (1962) படத்தில் சிவாஜி பாட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜதி சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜதி எம்.ராஜுவின் குரல். ஆனால் கை, கழுத்து, கண், உதட்டோரம் அத்தனையும் ராதாவின் கணக்கு. இரவல் குரலைக்கூடத் தன் குரலாக்கிக்கொண்டார்.

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ 1949-இல் மேடையேறியது. அதற்கு முன்பே பட்டுக்கோட்டை அழகிரி ‘நடிகவேள்’ என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டார். 1937-இல் ‘ராஜசேகரன்’ தொடங்கிச் சில படங்களில் நடித்துப் பார்த்து, சினிமா வேண்டாம் என்று மேடைக்கே திரும்பி வந்திருந்தவர் ராதா. நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் ரத்தக்கண்ணீரைப் படமாக்கக் கேட்டபோது, ‘நந்தனார்’ படத்துக்குக் கே.பி.சுந்தராம்பாள் ஒரு லட்சம் வாங்கினார் அல்லவா, எனக்கு அதற்கு மேல் இருபத்தைந்தாயிரம் என்றாராம். நாடகத்துக்கு இடைஞ்சல் இல்லாமல்தான் படப்பிடிப்பு என்றும் நிபந்தனை போட்டதாகச் சொல்வார்கள். மேடை நடிகன் திரைக்குப் போனால் உயர்வு என்று எல்லோரும் நம்பிய காலத்தில், திரை மேடைக்கு வந்து கைகட்டி நிற்கட்டும் என்று வைத்தார். கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் 1954 தீபாவளிக்குப் படம் வந்தது.

அதில் எல்லோருக்கும் தெரிந்த இடம், தொழுநோயால் பார்வை போய், உடம்பு அழுகி, தெருவுக்கு வந்துவிட்ட நாயகன் மோகனசுந்தரம் பாடிக்கொண்டு போவது. பாடுகிற குரல் சி.எஸ்.ஜெயராமனுடையது. ஓர் அடி பாட்டு, உடனே ராதாவின் பேச்சு குறுக்கே விழும், மறுபடி ஓர் அடி, மறுபடி பேச்சு. பாட்டு பொதுவாகச் சொல்கிறது, குற்றம் செய்தவனுக்கு நிம்மதி ஏது என்று. பேச்சு குறிப்பாகச் சொல்கிறது, எதைச் செய்தேன், யாரை உதைத்தேன் என்று. பாட்டில் உள்ள உபதேசத்தை நம்பவிடாமல் பேச்சு கிழித்துக்கொண்டே போகும். தமிழ்ப்படத்தில் ஒரு பாட்டு தன்னைத்தானே இப்படிக் குறுக்குவிசாரணை செய்துகொண்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அதே 1954-இல் ராமாயணத்தை அவர் தம் போக்கில் நாடகமாக்கினார். மனம் புண்படுகிறவர்கள் காசு கொடுத்து வந்து புண்பட வேண்டாம் என்கிற பாணியில் விளம்பரம் செய்தார். வழக்கு, கைது, தடை, மறுபடி நாடகம். வெள்ளைக்காரன் 1876-இல் போட்ட நாடகச் சட்டம் போதாது என்று சென்னை அரசு 1954-இல் புதிதாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது; ராதாவுக்காகவே போட்ட சட்டம் என்று பேசிக்கொண்டார்கள். அது அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தது. பரீக்‌ஷா ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஒரு நடிகருக்குக் கிடைத்த நினைவுச் சின்னங்களில் இதைவிட நீண்டகாலம் நின்றது எது என்று தெரியவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். ராதா தலைவராகக் கொண்ட பெரியார் 1929-ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்தார். 1954-இல் மீண்டும் வந்தார். 1946-இல் அகில மலாயா திராவிடர் கழகம் தோன்றியது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பக்தி நாடகமும், அடுத்த மாதமே அதே கொட்டகையில் சீர்திருத்த நாடகமும் போட்டுப் பழகிய கூட்டம் இங்கே இருந்தது. ஆகவே ராதாவை இங்கே யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கோலாலம்பூரில் கொலிசியம், பிரிக்பீல்ட்ஸில் லிடோ என்று டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் போட்ட படத்தை, துணியின் மறுபக்கம் உட்கார்ந்து இடம்வலம் மாறிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். எங்கள் அப்பா இரண்டாவது வகை.

ஆனால் அவரை நாம் பார்த்த பார்வை தமிழ்நாட்டுப் பார்வையிலிருந்து கொஞ்சம் விலகியது. ரத்தக்கண்ணீர் மோகன் வெளிநாட்டிலிருந்து திரும்பியவன். கோட்டும் சுருட்டும் இங்கிலீஷும். பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’யில் (1959) ராதா ஏற்ற சிங்காரம் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்து, ஒற்றுமையாக இருந்த குடும்பத்தை இரண்டாக்குகிறவன். தஞ்சாவூரில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இவர்கள் ‘அக்கரையிலிருந்து வந்தவர்கள்’. நாமோ அக்கரையிலேயே உட்கார்ந்து பார்த்தோம். ஊருக்குப் போகும்போது சிவப்பு டிரங்குப் பெட்டியும் கோடாலித் தைலமும் குடையுமாக இறங்கி, பாதி மலாய் கலந்து பேசி, ‘மலேயாக்காரன் வந்துட்டான்’ என்று பெயர் வாங்கியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். இன்னொரு பக்கம், தோட்டத்திலேயே ஒரு மோகன் இருந்தான். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த படியில், முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டு, லயத்து ஆட்களிடம் தமிழிலேயே இங்கிலீஷ் தொனியில் பேசிய கிராணி. மோகன் தாயை அவமதிக்கும்போது தோட்டத்துத் திடலில் எழுந்த சிரிப்பு யாரை நினைத்துச் சிரித்தது என்று சொல்லவேண்டியதில்லை. ராதா நம்மைக் கேலி செய்தார். நம் எதிரியையும் கேலி செய்தார். இரண்டையும் ஒரே வேடத்தில் செய்தார்.

மலர்க் கட்டுரையில் குறை சொல்வது வழக்கமில்லை. ராதாவைப் பற்றி எழுதும்போது வழக்கம் பார்த்தால் அவரே கீச்சுக் குரலில் சிரிப்பார். அதனால் சொல்லிவிடுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் சுங்கை பூலோ இருக்கிறது. 1930-இல் ஆங்கிலேய அரசு அங்கே ஒரு பள்ளத்தாக்கில் தொழுநோயாளர் குடியிருப்பைத் திறந்தது. உலகின் மிகப்பெரிய தொழுநோய்க் குடியிருப்புகளில் ஒன்று அது. வரிசை வரிசையாகச் சிறு வீடுகள், கோயில், மசூதி, தேவாலயம், பள்ளிக்கூடம், உள்ளுக்குள் மட்டும் செல்லும்படியாகத் தனிப் பணத்தாள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் இருந்தார்கள். தோட்டத்தில் ஒருவர் உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால், போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான். அங்கேயே திருமணம் செய்துகொண்டவர்களுக்குக் குழந்தை பிறந்தால், தொற்றிவிடும் என்று சொல்லித் தாயிடமிருந்து பிரித்து வெளியே கொடுத்துவிடுவார்கள். தன் பிள்ளையை ஐம்பது வருடம் கழித்துப் பார்த்த தாய்மார் உண்டு. பார்க்காமலே போனவர்கள் அதிகம்.

தொழுநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே கண்டுபிடித்துவிட்டார். நெடுநாள் நெருங்கிப் பழகுவதால் மூச்சுவழி பரவுவது. அதுவும் பெரும்பாலோர் உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். தாசி வீட்டுக்குப் போவதால் வருவதில்லை. தாயை உதைத்ததால் வருவதுமில்லை. ரத்தக்கண்ணீர் மேடையேறிய காலத்திலேயே சல்போன் மருந்து உலகெங்கும் புழக்கத்துக்கு வந்து, சுங்கை பூலோவிலும் நோயாளிகள் குணமாகத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ரத்தக்கண்ணீரின் கதை என்ன சொல்கிறது? பாவம் செய்தான், குஷ்டம் வந்தது. இது எந்தப் புராணத்திலிருந்து எடுத்த நீதி என்று பெரியாரின் தொண்டர் எவரும் கேட்டதாகப் படித்ததில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்பதைச் சிரித்துத் தள்ளியவர்கள், நோய் பாவத்தின் கூலி என்பதை மட்டும் கைதட்டி வாங்கிக்கொண்டார்கள். பகுத்தறிவு நாடகத்தின் அடித்தளத்தில் ஒரு மூடநம்பிக்கையின் செங்கல் இருந்தது. அந்த நாடகத்தையும் படத்தையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிய எத்தனையோ பேர், பக்கத்து லயத்தில் தேமல் கண்டவரைப் பார்த்த பார்வையில் மோகனின் கதையும் சேர்ந்துகொண்டிருக்கும்.

இது எழுதியவரின் குறை. நடித்தவரும் அதைச் சுமக்கத்தான் வேண்டும். என்றாலும் படத்தை மறுபடி பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. கதை நோயாளியைத் தண்டிக்கிறது. ராதாவின் நடிப்போ நோயாளிக்கு வாயைக் கொடுத்துவிடுகிறது. உடம்பெல்லாம் போனபின்தான் மோகனுக்கு அறிவும் நகைச்சுவையும் கூர்மையாகின்றன. முடமான விரல்களை மடக்கிக்கொண்டு, தட்டுத் தடுமாறி வந்து, நல்ல உடம்போடு இருப்பவர்களை அவன் கேட்கிற கேள்விகளுக்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. கூட்டம் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவனோடு சேர்ந்து சிரிக்கிறது. இரக்கத்துக்குரிய பிண்டமாகவே நோயாளியைக் காட்டிப் பழகிய மேடையில் இது சின்னக் காரியம் இல்லை. தெலுங்கில் நாகபூஷணம் இதே நாடகத்தை ஆயிரக்கணக்கான முறை நடத்தி, ‘ரத்தக்கண்ணீர் நாகபூஷணம்’ என்றே பெயர் வாங்கினார். மொழி மாறியும் நின்றது கதையின் நீதியால் இருக்காது என்பது என் எண்ணம்.

மற்றதைச் சுருக்கமாகவே சொல்லலாம், எல்லோருக்கும் தெரிந்தது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். மீது துப்பாக்கிச் சூடு, ராதாவுக்கும் காயம். ஏழாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்து, 1971-இல் வெளியே வந்தார். அந்த வழக்கைப் பற்றித் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. பாதிக்கப்பட்டது எம்.ஜி.ஆரின் குரல் என்பதையும், வழக்கு முடிந்தபின் ராதாவிடம் மிஞ்சியது அவருடைய குரல் மட்டுமே என்பதையும் எண்ணிப் பார்ப்பதுண்டு. எழுத்தாளர் விந்தன் அவரோடு பேசி எழுதிய ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’ இன்றும் படிக்கக் கிடைக்கிறது. தமிழ் நடிகர் ஒருவர் தம்மைப் பற்றி இவ்வளவு பொய்யில்லாமல் பேசிய நூல் வேறு எனக்குத் தெரியாது. படவாய்ப்புகள் குறைந்தன. நெருக்கடிநிலையில் 1976-இல் மீண்டும் சிறை. 1979 செப்டம்பர் 17-இல், பெரியாரின் பிறந்தநாளன்று, திருச்சியில் காலமானார். வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷா என்று பிள்ளைகள் வழியே அந்தப் பெயர் திரையில் தொடர்ந்தது.

சிறைக்கும் மறுசிறைக்கும் இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில்தான் மலேசியப் பயணம். துப்பாக்கி விவகாரத்தையே கிண்டலாக எடுத்துச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கிறார் அந்தப் பேச்சில். சினிமாக்காரனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாதே என்பது அவர் வாழ்நாளெல்லாம் சொன்னது. நடிகனைப் பார்க்க வந்த கூட்டத்தில், நடிகனே அதைச் சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுவாரம் வேறொரு நடிகருக்கு மாலை போடப் போயிருக்கும். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பழைய குடும்பங்களின் பரணில், அந்தப் பயணத்தின் நோட்டீஸோ புகைப்படமோ நாடாவோ இருக்கலாம். பூசணம் பிடிக்குமுன் எடுத்துப் படியெடுத்து வையுங்கள். எங்கள் வீட்டு நாடா 1990-களில் வீடு மாறும்போது தொலைந்துபோனது. இரண்டாவது, ரத்தக்கண்ணீரை இங்கே மறுபடி மேடையேற்ற விரும்பும் இளைஞர்களுக்கு. ஒத்திகையைத் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோ போய் வாருங்கள். குணமானவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய செடித்தோட்டங்கள் சாலையோரம் இன்றும் வரிசையாக இருக்கின்றன. ஒரு செம்பருத்திக் கன்று வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் முதியவர்களோடு கொஞ்சநேரம் பேசிவிட்டு வாருங்கள். பிறகு வசனத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று உங்களுக்கே தெரியும்.